தனியாகவா?

1955ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி, எம்மா கேட்வுட் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள ஓகில்தோர்ப் மலையிலிருந்து வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். வயது 67. பதினோரு பிள்ளைகளைப் பெற்றவர், 23 பேரப்பிள்ளைகள் கண்டவர். ஒஹாயோவில் இருந்த பிள்ளைகளிடம், நடக்கப் போகிறேன் என்ற அளவில்தான் சொல்லியிருந்தார். எங்கே, எவ்வளவு தூரம், எப்போது திரும்புவது என்பதெல்லாம் அவருக்கே உரிய ரகசியமாக இருந்தது. 146 நாட்கள் கழித்து, செப்டம்பர் 25 அன்று, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையுச்சியில் நின்றார். நடந்த தூரம் 2,050 மைல். அப்பலாச்சியன் பாதை எனப்படும் அந்த நெடிய மலைப்பாதையை ஒரே பயணத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவர்தான்.

கூடாரம் இல்லை, படுக்கைப்பை இல்லை. டெனிம் துணியில் தானே தைத்த ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே ஒரு கம்பளி, மழைக்கோட்டு, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்று. மழை வந்தால் அந்தத் திரைதான் கூரை. காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ. போய்ச் சேர்வதற்குள் ஆறேழு ஜோடி தேய்ந்துபோனது. நம் வீட்டுப் பாட்டிகள் மஞ்சள் பையில் நாலு சாமானைப் போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்புவதை இது நினைவூட்டினால் அதில் தவறில்லை. பாதி வழியிலேயே பத்திரிகைக்காரர்கள் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் காத்திருந்து அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: ஏன்?

எம்மா ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று சொன்னார். பத்திரிகையில் அந்தப் பாதையைப் பற்றிப் படித்தேன் என்றார், தோன்றியது வந்தேன் என்றார், பிள்ளைகளெல்லாம் வளர்ந்துவிட்டார்கள் என்றார். அந்தப் பதில்களையெல்லாம் சேர்த்து வைத்துப் படிக்கும்போது தமிழில் அவற்றுக்கு ஒரே சொல் போதும் என்று எனக்குப் பட்டது: சும்மா. ஆண் ஒருவன் சும்மா நடந்தால் அது உலாவல், பயணம், தேடல், துறவு. பெண் சும்மா நடந்தால் அதற்குப் பெயரே கிடையாது. அல்லது, இருக்கிற பெயர்கள் எழுதத் தகாதவை.

தமிழ் படித்தவளாக எனக்கு இங்கே வெள்ளிவீதியார் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அவர் அலைந்த அலைச்சலை ஔவையார் அகநானூற்றில் (147) உவமையாகவே எடுத்தாள்கிறார். ஒரு பெண் கவிஞர் இன்னொரு பெண் கவிஞரின் நடையைப் பதிவுசெய்து வைத்திருக்கும் அபூர்வமான இடம் அது. ஆனால் அந்த நடைக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அது தலைவன். அவனைத் தேடித்தான் அவள் அலைந்தாள். குறிஞ்சித் திணையில் பெண்கள் மலையில்தான் இருக்கிறார்கள், ஆனால் தினைப்புனம் காக்க. விறகுக்கும் தேனுக்கும் கிழங்குக்கும் காட்டுக்குள் தனியே போய்வரும் பெண்கள் இன்றும் நம் மலைகளில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் மலையேறுபவர்கள் என்று சொல்வதில்லை. தலையில் சுமை இருந்தால் காட்டுக்குள் பெண் தனியே போகலாம். கை வீசிப் போவதுதான் கேள்விக்குள்ளாகிறது.

எம்மாவின் 'சும்மா'வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது வெகுகாலம் வெளியே தெரியவில்லை. 2014இல் பென் மான்ட்கோமரி எழுதிய வாழ்க்கை வரலாறு, குடும்பத்தார் காத்து வைத்திருந்த கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கொண்டு அதை விரிவாகச் சொன்னது. 1907இல், 19 வயதில், கல்லூரி படித்த ஓர் இளைஞருக்கு எம்மா மணமுடிக்கப்பட்டார். சில மாதங்களிலேயே அடி தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அது நிற்கவில்லை. பல் உடைந்தது, விலா எலும்பு விரிசல் கண்டது. மனநோய் விடுதியில் அடைத்துவிடுவேன் என்று கணவர் மிரட்டிக்கொண்டே இருந்தார். ஒருமுறை, அடிபட்டு முகம் வீங்கிய நிலையில் இருந்த எம்மாவையே காவலர் கைது செய்தார். ஊர் மேயர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சிறையிலிருந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். 1941இல் மணவிலக்குக் கிடைத்தது.

அந்த ஆண்டுகளில் அடி பொறுக்க முடியாதபோது எம்மா ஓடி ஒளிந்த இடம் காடு. வீட்டுக்குப் பின்னாலிருந்த மரக்கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருப்பார். 67 வயதில் அவர் கண்டுபிடித்த புது இடமல்ல அது. அவருக்கு முன்பே தெரிந்த அடைக்கலம், இந்த முறை ஓடாமல் நடந்து போனார், அவ்வளவுதான். பத்திரிகைக்காரர்களிடம் அவர் தன்னை விதவை என்று சொல்லிக்கொண்டார் என்பது இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமான தகவல். முன்னாள் கணவர் அப்போது உயிரோடு இருந்தார். விதவை தனியாக இருப்பதற்குச் சமூகம் காரணம் கேட்காது. அடித்த கணவனை விட்டு வந்தவளிடம் கேட்கும். 1955இன் அமெரிக்காவும் இந்த விஷயத்தில் நமக்குத் தெரிந்த ஊர்தான்.

எம்மா நடந்த பாதை ஓர் இடத்தில் தண்ணீரைக் கடக்கிறது. வட கரோலினா மாநிலத்தில், ஸ்மோக்கி மலைகளின் தெற்கு அடிவாரத்தில் ஃபான்டானா அணை இருக்கிறது. உயரம் 480 அடி. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இதைவிட உயரமான அணை இல்லை. மலைப்பாதை அணையின் தலைமேல் ஏறி நடந்து, மறுகரையில் காட்டுக்குள் நுழைந்து, ஷக்ஸ்டாக் என்ற சிகரத்தை நோக்கி நிமிர்கிறது. நெடும்பயணிகளுக்கு இது நூறு நாட்களில் ஒரு நாள். மற்றவர்களுக்குக் காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய ஒருநாள் நடை: ஏற நாலு மைல், இறங்க நாலு மைல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காக அந்தப் பக்கம் போயிருந்தபோது, அக்டோபரில் ஒருநாள், நான் அதை நடந்தேன். தோழி ஒருத்தி காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு மாலையில் வருவதாகச் சொல்லிப் போனாள். அணையின் மேல் நடக்கும்போது இடப்புறம் ஆழமான பள்ளம், வலப்புறம் மலைகளுக்கிடையே விரல்கள் விரித்தாற்போல் நீளும் நீர். நீர்மட்டம் சற்று இறங்கியிருந்ததால் காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே செம்மண் பட்டை ஒன்று கரை கட்டியதுபோல் ஓடியது. அணைக்கு முன்னால் நெடும்பயணிகள் தங்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. பக்கத்தில் குளியல் வசதி கிடைப்பதால் அதற்கு 'ஃபான்டானா ஹில்டன்' என்று செல்லப்பெயர். அங்கே இருந்தவரும், மறுகரையில் எதிர்ப்பட்ட தம்பதியும், பிறகு மேலே இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு பெரியவரும் என்னிடம் கேட்டது ஒன்றையே: தனியாகவா? எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள். முன்னால் தனியாக இறங்கிப் போன இளைஞனிடம் அந்தப் பெரியவர் இதைக் கேட்டிருப்பாரா என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.

ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். மரங்களின் மேல் இரண்டு அங்குல அகலத்தில், ஆறு அங்குல நீளத்தில் வெள்ளைப் பட்டைகள் வழி சொல்லும். ஓக், மேப்பிள், துலிப் மரம், சரிவுகளில் இருட்டாக அடர்ந்த ரோடோடென்ட்ரான் புதர். உச்சி நாலாயிரம் அடியைச் சற்றே தாண்டும். மேலே 1930களில் எழுப்பிய இரும்புத் தீக்காவல் கோபுரம் நிற்கிறது. காற்றடித்தால் படிகள் ஆடும். கீழே காவலரின் குடிலிலிருந்து புகைபோக்கி மட்டும் மிச்சம். மலையுச்சியில் தனியாக இருந்து காட்டுத்தீயைக் கவனிக்கும் இந்த வேலையில் பெண்களும் இருந்திருக்கிறார்கள். 1913இல் கலிபோர்னியாவில் ஹாலி டாகெட் என்ற பெண்ணை வனத்துறை நியமித்தபோது, முதல் பெண் காவலர் என்பதால் எத்தனை நாள் தாங்குவாள் என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். பதினைந்து கோடைகள் தாங்கினார். சம்பளம் வாங்கிக்கொண்டு தனிமையில் இருக்கப் பெண்ணுக்குக் கிடைத்த வெகுசில வழிகளில் அது ஒன்று.

கோபுரத்தின் உச்சியிலிருந்து நாலு பக்கமும் காடு. கீழே நீர்த்தேக்கம். ஒரு வீடு, ஒரு புகை, ஒரு வயல் கண்ணில் படவில்லை. மனிதச் சுவடே படாத இடம் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்வதை இங்கே நின்றால் நம்பிவிடத் தோன்றும். அந்த வெறுமை எப்படி உண்டானது என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

கிழக்கே, ஏரிக்கு வடகரையில், ஹேசல் க்ரீக் என்ற ஓடை வந்து கலக்கிறது. 1904இல் அந்த ஓடையின் மேற்பகுதியில் ஒரு குடிலைப் பிடித்துத் தனியே குடியேறினார் ஹோரஸ் கெப்ஹார்ட். செயின்ட் லூயிஸ் நகரில் புகழ்பெற்ற நூலகர். குடி, மனமுறிவு, வேலையிழப்பு என்று எல்லாம் சேர்ந்து வந்தபோது, மனிதர் காட்டுக்குள் போனார். மூன்றாண்டுகள் அங்கே இருந்தார். காட்டில் வாழ்வது எப்படி என்று எழுதினார், மலைவாசிகளைப் பற்றி 1913இல் வெளியிட்ட நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. ஸ்மோக்கி மலைகளைத் தேசியப் பூங்காவாக்க வேண்டுமென்று எழுதி எழுதியே சாதித்தவர்களில் அவர் முக்கியமானவர். அப்பலாச்சியன் பாதை கடந்துபோகும் ஒரு சிகரத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவருக்கு மனைவி இருந்தார். பெயர் லாரா. ஆறு குழந்தைகள் இருந்தார்கள். அவர் காட்டுக்குப் போனபோது லாரா குழந்தைகளை அழைத்துக்கொண்டு நியூயார்க் மாநிலத்தின் இதாக்காவுக்குப் போய் அவர்களை வளர்த்தார். லாராவின் பெயரில் எந்த மலையும் இல்லை. கெப்ஹார்ட் எழுதியதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மலைக் குடியானவனின் மனைவி வீட்டிலும் வயலிலும் இரட்டைச் சுமை சுமப்பதை அவர் கவனித்து எழுதியும் இருக்கிறார். அடுத்தவன் மனைவியின் சுமை கண்ணுக்குத் தெரிவது எளிது போலும். எம்மா 67 வயதுவரை, பதினோராவது பிள்ளையும் ஆளாகும்வரை காத்திருந்தார். கெப்ஹார்ட் 42 வயதில் கிளம்பினார். ஒரே மலைத்தொடரில் தனிமை கண்ட இருவருக்கும் நடுவிலுள்ள தூரம் அந்த 25 ஆண்டுகள் மட்டுமல்ல, அந்த இதாக்கா வீடும்தான்.

அப்பலாச்சியன் பாதை என்ற யோசனையைத் தந்தவர் பென்டன் மக்காய். 1921இல் ஒரு கட்டடக்கலை இதழில் அதை எழுதினார். அந்தக் கட்டுரை பிறந்த சூழலில் ஒரு பெண்ணின் மரணம் இருக்கிறது. அவருடைய மனைவி ஜெஸ்ஸி ஹார்டி ஸ்டப்ஸ், பெண்களின் வாக்குரிமைக்காகவும் போருக்கு எதிராகவும் ஊர் ஊராகப் பேசியவர். 1921 ஏப்ரலில் நியூயார்க்கில் ஆற்றில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டார். துக்கத்தில் ஒடுங்கிய மக்காயை நண்பர்கள் கிராமப்புறத்துக்கு அழைத்துப் போனார்கள். அந்தக் கோடையில் எழுதியதுதான் பாதைத் திட்டம். அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்று ஓராண்டுகூட ஆகாத நேரம். மலைப்பாதையின் வரலாற்றைச் சொல்பவர்கள் மக்காயின் துக்கத்தைச் சொல்வார்கள், ஜெஸ்ஸியின் வேலையைச் சொல்ல மாட்டார்கள்.

1930களின் நடுவில் மக்காய் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தில் வேலை பார்த்தார். அதே ஆணையம்தான் 1942 ஜனவரியில் ஃபான்டானா அணையைக் கட்டத் தொடங்கியது. போர்க்காலம். போர் விமானங்களுக்கு அலுமினியம் வேண்டும், அலுமினியம் உருக்க மின்சாரம் வேண்டும். இரவும் பகலும் வேலை நடந்து 1944 நவம்பரில் மதகுகள் மூடப்பட்டன. 1,311 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1,047 கல்லறைகள் தோண்டி இடம் மாற்றப்பட்டன. ஃபான்டானா, புஷ்னெல், ஜட்சன், ஃபோர்னி என்று ஊர்கள் தண்ணீருக்குள் போயின. மேட்டூர் அணையில் நீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூழ்காத ஊர்களும் போயின என்பதுதான் இங்கே கூடுதல் கதை. ஏரியின் வடகரை மேட்டுநிலம். அங்கே தண்ணீர் ஏறவில்லை, ஆனால் போய்வரும் சாலை மூழ்கிவிட்டது. புதுச் சாலை போடச் செலவாகும் என்பதால் அங்கிருந்தவர்களையும் வெளியேற்றி, 44,000 ஏக்கரைத் தேசியப் பூங்காவோடு சேர்த்துவிட்டார்கள். ஹேசல் க்ரீக் கரையில் ப்ரோக்டர் என்ற ஊர் இருந்தது. 1830 வாக்கில் மோசஸ், பேஷன்ஸ் என்ற தம்பதி முதலில் குடியேறியதால் அவர்களின் குடும்பப் பெயரே ஊர்ப்பெயரானது. பேஷன்ஸ் என்றால் பொறுமை. அந்தப் பெயரைப் பெண்ணுக்குத்தான் வைப்பார்கள். மரக் கம்பெனி 1910இல் வந்து மலையை மொட்டையடித்துவிட்டு 1928இல் போனது. செஸ்ட்நட் மரங்கள் நோய் வந்து செத்தன. அதுவரை அந்தக் கொட்டைகளைப் பொறுக்கி விற்றுத்தான் பல வீடுகளில் குழந்தைகளுக்குக் குளிர்காலச் செருப்பு வாங்கினார்கள். இவ்வளவுக்கும் தாக்குப்பிடித்து நின்ற வீடுகளைத்தான் 1943-44இல் காலி செய்யச் சொன்னார்கள். நான் கோபுரத்திலிருந்து பார்த்த வெறுமைக்கு வயது அவ்வளவுதான்: என் அம்மாவின் வயது.

அந்த வீடுகளும் யாருடைய மண்ணில் எழுந்தவை என்று கேட்க வேண்டும். செரோக்கி மக்கள் தாய்வழிச் சமூகத்தினர். குலம் தாய்வழியில் வரும், வீடும் வயலும் பெண்களின் பொறுப்பில் இருந்தன. மணமான ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்வான். நிலத்தை வெள்ளையருக்கு விற்பதும் ஒப்பந்தம் எழுதுவதும் ஆண்களோடு பேசி முடிக்கும் விவகாரமாக மாறியபோது, 1817இல் நானியேஹி என்ற முதிய பெண் தலைமையில் செரோக்கிப் பெண்கள் தங்கள் அவைக்கு விண்ணப்பம் எழுதினார்கள்: இனி ஒரு துண்டு நிலமும் கொடுக்காதீர்கள். வெள்ளையர் அவரை நான்சி வார்ட் என்று அழைத்தார்கள். விண்ணப்பம் பலிக்கவில்லை. 1838இல் ஏறத்தாழ 16,000 பேர் படைவீரர்களின் காவலில் மேற்கே நடத்திச் செல்லப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் வழியில் இறந்தார்கள். அதுவும் ஒரு நெடுநடை. இந்த மலைகளில் ஒளிந்து தப்பியவர்களின் வழித்தோன்றல்கள் ஸ்மோக்கி மலைகளின் கிழக்குச் சரிவில் இன்றும் வாழ்கிறார்கள். ஷக்ஸ்டாக்கிலிருந்து முகடு வழியே தொடர்ந்து நடந்தால் வரும் மிக உயர்ந்த சிகரத்துக்கு ஒரு வெள்ளை அரசியல்வாதியின் பெயரில் கிளிங்மன்ஸ் டோம் என்று இருந்தது. லவீட்டா ஹில், மேரி க்ரோ என்ற இரண்டு செரோக்கிப் பெண்கள் தொடங்கிவைத்த முயற்சியால் 2024 செப்டம்பரில் அது குவோஹி என்ற பழைய பெயருக்குத் திரும்பியது. செரோக்கி மொழியில் அதற்கு முசுக்கட்டை மரங்கள் உள்ள இடம் என்று பொருள்.

போகமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்ட பெண்களும் உண்டு. மலையின் மறுபுறம், டென்னசி மாநிலப் பக்கத்தில், வாக்கர் சகோதரிகள் ஐந்து பேர் தங்கள் குடும்பத்தின் மரவீட்டில் இருந்தார்கள். ஐவரும் மணம் செய்துகொள்ளவில்லை. நூற்றார்கள், நெய்தார்கள், உழுதார்கள், உப்பும் சில்லறைச் சாமான்களும் தவிர எல்லாவற்றையும் தாங்களே விளைவித்தார்கள். பூங்கா அதிகாரிகள் பலமுறை வந்து பார்த்துவிட்டுக் கடைசியில் 1941இல், 122 ஏக்கருக்கும் 4,750 டாலர் கொடுத்து, சாகும்வரை அங்கேயே இருந்துகொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1946இல் ஒரு பெரிய வார இதழ் அவர்களைப் பற்றி எழுதியதும் சுற்றுலாக் கூட்டம் மொய்த்தது. சகோதரிகள் ஆப்பிள் பணியாரமும் பின்னல் துணியும் விற்றார்கள். லூயிசா தான் எழுதிய கவிதைகளைக் கையெழுத்துப் பிரதியாக விற்றார். மலை வீட்டில் கவிதை எழுதி விற்ற அந்தப் பெண்மீது எனக்குப் பொறாமை உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். வயது ஏறியதும், பார்வையாளர்களை வரவேற்கும் பலகையை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். தனிமையைச் சும்மா கொடுத்தவர்கள் யாருமில்லை. அவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. லூயிசா 1964இல் இறந்த பிறகுதான் அந்த வீடு காலியானது.

எம்மாவின் நடையை மட்டும் எடுத்துச் சொல்லி, துணிந்தால் போதும் என்று மாணவிகளிடம் முடிப்பது எளிது. நானும் வகுப்பில் அந்தக் கதையைச் சொல்கிறேன், அவர்களின் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். ஆனால் துணிச்சல் மட்டுமே போதுமானதாக இருந்ததில்லை. 1955இன் தென் மாநிலங்களில் எம்மா இருட்டும் நேரத்தில் முன்பின் தெரியாத வீடுகளின் கதவைத் தட்டினார். பலர் சோறு போட்டுப் படுக்கை கொடுத்தார்கள், சிலர் விரட்டினார்கள். விரட்டியதோடு முடிந்தது. அதே கோடையில்தான் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் ஏதோ பேசினான் என்பதற்காகக் கொல்லப்பட்டான். அதே வயதுள்ள ஒரு கறுப்பினப் பாட்டி அந்தக் கதவுகளைத் தட்டியிருக்க முடியுமா? முன்பின் அறியாத ஊரில் எந்தத் தெருவுக்குள் நுழையலாம், எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்பது சாதியால் எழுதப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு நாம் இந்தக் கேள்வியைத் தாண்டிப்போக முடியாது.

பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1996இல் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில், இதே பாதைக்கு அருகே, ஜூலியான் வில்லியம்ஸ், லாலி வினன்ஸ் என்ற இரண்டு பெண்கள் தங்கள் கூடாரத்தில் கொல்லப்பட்டார்கள். தனியாகப் போகவில்லை, இரண்டு பேராகப் போனார்கள். ஒவ்வொரு முறை இப்படி நடக்கும்போதும் பெண்கள் ஏன் அங்கே போக வேண்டும் என்ற குரல் எழுகிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர்களில் பலர் இளம்பெண்கள் என்று தெரிந்ததும், எங்கள் ஆசிரியர் அறையிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டேன். தீயைப் பற்றியோ அனுமதி, வழிகாட்டல் பற்றியோ பேச்சு பிறகுதான் வந்தது. எம்மாவின் உடலில் இருந்த எலும்பு முறிவுகள் எதுவும் காட்டில் நேர்ந்தவையல்ல என்பதை அந்த அறையில் சொல்ல எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. அவரைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தேன்.

எம்மா 1957இல் அதே பாதையை மறுபடி முழுவதும் நடந்தார். 1959இல், 71 வயதில், மிசௌரியிலிருந்து ஒரெகான்வரை நடந்தார். 1964இல் மலைப்பாதையை மூன்றாம் முறை, பகுதி பகுதியாக முடித்தார். அதை மூன்று தடவை நடந்த முதல் மனிதர் அவர். 1973இல் இறந்தார்.

வடகரை மக்களுக்கு அரசு 1943இல் எழுத்தில் ஒரு வாக்குக் கொடுத்திருந்தது: போர் முடிந்ததும் மூழ்கிய சாலைக்குப் பதிலாகப் புதுச் சாலை போடப்படும், விட்டுவந்த கல்லறைகளுக்கு அதில் போய்வரலாம். ஆறு மைல் போலச் சாலை போட்டு, ஒரு சுரங்கவழியும் குடைந்த பிறகு, மலையின் பாறை அமிலம் கசியும் வகை என்று சொல்லி 1970களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். சுரங்கவழியின் மறுமுனையில் சாலை முடிந்து காடு தொடங்குகிறது. எங்கும் போகாத சாலை என்று பெயரெழுதி ஊர்க்காரர்கள் ஒரு பலகை வைத்தார்கள். 2010இல் சாலைக்குப் பதிலாகப் பணமாக 52 மில்லியன் டாலர் தருவதென்று முடிவானது.

கல்லறைகளுக்கு ஆண்டுதோறும் போகும் வழக்கத்தை 1970களின் பிற்பாதியில் மீட்டெடுத்ததில் முன்னின்றவர்கள் ஹெலன் வான்ஸ், மில்ட்ரெட் ஜான்சன் என்ற சகோதரிகள். சிறுமிகளாக அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். அவர்கள் அதிகாரிகளுக்கு எழுதி, பூங்காத் துறையே படகு ஏற்பாடு செய்யும்படி செய்தார்கள். வடகரைக் காட்டுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட இடுகாடுகள் இருக்கின்றன. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றுக்கும் முறைவைத்துப் போகிறார்கள். மண்மேட்டைச் செதுக்கிப் புதுமண் கூட்டி, பூ வைத்து, ஜெபம் சொல்லிப் பாடி, கொண்டுபோன சோற்றை அங்கேயே மரத்தடியில் பரப்பிச் சாப்பிடுகிறார்கள். படகிலிருந்து இறங்கி மேட்டில் ஏற வேண்டும், சில இடங்களுக்கு ஒரு மைலுக்கு மேல். மண்வாரியும் சாப்பாட்டுக் கூடையும் நெகிழிப்பூக் கட்டுகளும் சுமந்து வயதான பெண்கள் அந்த ஏற்றத்தில் ஏறுகிறார்கள். அவர்களிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.